டயரோட உள்பக்கத்தை எப்போ பார்த்தீங்க? டிராக் ஓட்டத்துக்கு ஒரு வீல் அலைன்மென்ட் பாடம்



ஃபைனல் இயர் ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் பசங்ககிட்ட ஜூனியர்ஸ் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "அண்ணா, டிராக் டேக்குப் போறோம். காருக்கு எவ்ளோ கேம்பர் வைக்கணும்?" கேட்கிறவங்க எதிர்பார்க்கிறது ஒரே ஒரு நம்பர். யூட்யூப்லயும் அதுதான் கிடைக்கும்: "மைனஸ் மூணு டிகிரி வெச்சிரு மச்சி, காரு தரையோட ஒட்டிக்கும்."

நம்பர் தப்பில்ல. ஆனா அந்த நம்பர் எதுக்குன்னு தெரியாம வெச்சா ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, நாலு டயர் காசு காலி. ரெண்டாவது, டயர் நல்லா இருக்குன்னு நம்பி ராத்திரி ஹைவேயில வீட்டுக்கு ஓட்டிட்டு வருவீங்க. நின்னு பார்த்தா கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்துல, ரப்பர் முடிஞ்சு கம்பி எட்டிப் பார்த்துட்டு இருக்கும். இந்தக் கட்டுரை முக்கியமா அந்த ரெண்டாவது விஷயத்துக்காக.

கணக்கு கொஞ்சம் வரும். பயப்படாதீங்க, ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் போதும்.

நாலு உள்ளங்கை

மாஸ்டா எம்.எக்ஸ்-5 மாதிரி ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்குவோம். டிரைவர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,200 கிலோன்னு ஒரு ரவுண்டு கணக்கு வெச்சுக்கலாம். ஒரு வீலுக்கு 300 கிலோ. டயர்ல காத்து 30 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. 300-ஐ 2.1-ஆல வகுத்தா 143 சதுர செ.மீ. டயர் சுவரோட விறைப்பை விட்டுட்டுப் போட்ட தோராயக் கணக்கு இது. அதாவது ஒரு டயர் ரோட்டைத் தொடுற இடம் கிட்டத்தட்ட உங்க உள்ளங்கை அளவு. பிரேக், ஆக்சிலரேட்டர், ஸ்டீயரிங் எல்லாமே இந்த நாலு உள்ளங்கை வழியாத்தான் வேலை செய்யணும்.

இப்போ இந்தக் காரு ஒரு வலது திருப்பத்துல 1 ஜி வேகமுடுக்கத்துல போகுதுன்னு வைங்க. நல்ல ரோடு டயரே இதைத் தாங்கும். எடை இடப்பக்கமா சாயும். எவ்வளவு? மொத்த எடை பெருக்கல் ஈர்ப்பு மையத்தோட உயரம், வகுத்தல் இடது-வலது வீல் இடைவெளி. உயரம் 0.45 மீட்டர், இடைவெளி 1.5 மீட்டர்னு எடுத்தா 1,200 × 0.45 ÷ 1.5 = 360 கிலோ. ரெண்டு பக்கமும் 600-600 இருந்தது, இப்போ இடப்பக்கம் 960, வலப்பக்கம் 240.

இதுல டயரோட ஒரு குணத்தையும் சேர்த்துக்கணும். எடை ரெண்டு மடங்கானா கிரிப் ரெண்டு மடங்கு ஆகாது, அதைவிடக் குறைவாத்தான் ஏறும். அதனால முழுச் சுமையையும் வாங்குற அந்த வெளிப்பக்க டயரோட உள்ளங்கை முழுசா, சமமா தரையில படியணும். அது ஓரத்துல மட்டும் நின்னா கிரிப்பும் போச்சு, அந்த ஓரத்து ரப்பரும் போச்சு. அலைன்மென்ட்னு நாம பண்ற எல்லாமே இந்த ஒரு வேலைக்குத்தான்.

மூணு கோணம்

கேம்பர்: காரை முன்னாடி நின்னு பார்க்கும்போது வீல் செங்குத்துல இருந்து எவ்வளவு சாய்ஞ்சிருக்குங்கிறது. மேல்பக்கம் காருக்குள்ள சாய்ஞ்சிருந்தா நெகட்டிவ், வெளியே சாய்ஞ்சிருந்தா பாசிட்டிவ்.

டோ: காரை மேல இருந்து பார்க்கிறது. உங்க ரெண்டு பாதத்தையும் பாருங்க. கட்டைவிரல் ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்தா டோ-இன், விலகி நின்னா டோ-அவுட்.

காஸ்டர்: பக்கவாட்டுல பார்க்கிறது. சைக்கிளோட முன் ஃபோர்க் பின்னாடி சாய்ஞ்சிருக்கும் இல்ல? கையை விட்டாலும் சைக்கிள் நேரா போக அந்தச் சாய்வும் ஒரு காரணம். கார்லயும் ஸ்டீயரிங் தானா நடுவுக்குத் திரும்புறது காஸ்டரால. காஸ்டர் கூட இருந்தா, ஸ்டீயரிங் திருப்பும்போது திருப்பத்தோட வெளிப்பக்க வீலுக்கு நெகட்டிவ் கேம்பர் கொஞ்சம் சேரும். தேவைப்படுற நேரத்துல மட்டும் வர்ற கேம்பர் அது. காஸ்டர் மட்டும் தப்பா இருந்து டயர் தேயுறது அபூர்வம்.

தேய்மானத்தைப் பொறுத்தவரை நமக்கு வேலை கேம்பரும் டோவும்தான்.

வெளி ஷோல்டர் ஏன் தேயுது?

கம்பெனி செட்டிங்ல ஒரு காரை டிராக்குல நாலு செஷன் ஓட்டிட்டு வந்து பாருங்க. முன் டயரோட வெளி ஓரம் உருண்டு, ரப்பர் உதிர்ந்து கிடக்கும். நடுவும் உள்பக்கமும் கிட்டத்தட்ட புதுசு மாதிரியே இருக்கும்.

காரணம் பாடி ரோல். திருப்பத்துல காரு 3 டிகிரி வெளிப்பக்கமா சாயுதுன்னு வைங்க. வீலும் கூடவே சாயும். சஸ்பென்ஷன் அமுங்கும்போது கொஞ்சம் நெகட்டிவ் கேம்பரைத் திருப்பிக் கொடுக்கும். எவ்வளவு கொடுக்கும்ங்கிறது டிசைனைப் பொறுத்தது. டபுள் விஷ்போன்ல நிறைய கிடைக்கும், எம்.எக்ஸ்-5-ல முன்னாடி அதுதான். போலோ, ஸ்விஃப்ட் மாதிரி நம்ம ஊர் ஹேட்ச்பேக்ல இருக்கிற மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்ல குறைவு. இந்த வித்தியாசம் சின்னது இல்ல. போர்ஷே 911 எத்தனையோ வருஷம் முன்னாடி ஸ்ட்ரட்டையே வெச்சு ஓட்டுச்சு. ரோட்டுல ஓடுற 911-க்கு டபுள் விஷ்போன் முன் சஸ்பென்ஷன் முதல்முறையா வந்தது 2021-ல வந்த ஜி.டி.3-லதான்.

ஸ்ட்ரட் காருல 3 டிகிரி ரோலுக்கு 1 டிகிரி திரும்பக் கிடைக்குதுன்னு எடுத்துக்குவோம். நிகர நஷ்டம் 2 டிகிரி. கம்பெனி செட்டிங் மைனஸ் 0.5-ன்னா, முழுச் சுமையும் தாங்குற அந்த நேரத்துல வெளி டயர் பிளஸ் 1.5-ல நிக்கும். அதாவது ஷூவோட வெளி ஓரத்துல நடக்கிற மாதிரி. அதே காருக்கு மைனஸ் 3 வெச்சா, திருப்பத்துல மைனஸ் 1-ல நிக்கும். உள்ளங்கை தட்டையா படியும். யூட்யூப் நம்பர் வந்த கதை இதுதான். ரோல் அதிகமான காருக்கு அதிகக் கேம்பர், விறைப்பான ஸ்பிரிங் போட்ட காருக்குக் குறைவான கேம்பர் போதும்.

ஆனா வெளி ஷோல்டர் தேஞ்சிருக்குன்னு பார்த்த உடனே கேம்பரை ஏத்தாதீங்க. ஓட்டுற விதமும் அதே தழும்பைத்தான் விடும். திருப்பத்துக்குள்ள வேகமா வந்துட்டு, காரு திரும்பலன்னு ஸ்டீயரிங்கை இன்னும் இன்னும் முறுக்கினா, முன் டயர் உருளாம தரையில இழுபடும். கடைசியில தேயுறது அதே வெளி ஓரம்தான். இதுக்கு மருந்து ஸ்பேனர் இல்ல, கொஞ்சம் முன்னாடியே பிரேக் பிடிக்கிறது.

இன்னொண்ணு, நாலு டயரும் ஒரே மாதிரி தேயாது. கடிகாரம் சுத்துற திசையில ஓடுற எந்த டிராக்கா இருந்தாலும், ஒரு லேப் முடிக்க வலது திருப்பங்களோட மொத்தக் கோணம் இடது திருப்பங்களைவிட 360 டிகிரி அதிகமா இருந்தே ஆகணும். (சுசுகா மாதிரி எட்டு வடிவ டிராக் மட்டும் விதிவிலக்கு.) கிரேட்டர் நொய்டாவுல இருக்கிற புத் சர்க்யூட், 5.125 கி.மீ., 16 திருப்பம், கடிகாரத் திசைதான். அங்க இடப்பக்க டயர்தான் அதிகம் உழைக்கும். அதனால உங்க டிராக் எந்தத் திசைன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதிகம் உழைக்கிற டயரை வெச்சு முடிவெடுங்க.

டம்ளர் பாடம்

கேம்பர் நல்லதுன்னா மைனஸ் அஞ்சு வெச்சா என்ன? வீட்டுல ஒரு டம்ளரைத் தரையில படுக்க வெச்சு உருட்டுங்க. நேரா போகாது. அடிப்பக்கம் சின்னது, வாய் பெருசு. அதனால வட்டம் போடும். கேம்பர் வெச்ச டயரும் அந்த டம்ளர் மாதிரிதான். உள் ஓரம் அதிகம் அமுங்கும், அந்தப் பக்கம் ஆரம் குறையும். தனியா விட்டா வட்டம்தான் போடும். ஆனா அச்சுல மாட்டியிருக்கிறதால அதை வலுக்கட்டாயமா நேரா உருட்டுறோம். அந்தச் சண்டை முழுக்க உள் ஓரத்து ரப்பர்ல நடக்குது. சூடு, தேய்மானம், ரெண்டும் அங்கதான். பிரேக் பிடிக்கும்போதும் உள்ளங்கையில பாதிதான் தரையில இருக்கு. திருப்பத்துல சம்பாதிச்சதை நேர்ப்பாதையில செலவு பண்றோம்.

இதுக்கு ஒரு பெரிய உதாரணம் 2011 பெல்ஜியம் கிராண்ட் ப்ரீ, ஸ்பா டிராக். ரெட் புல் டீம் முன் வீல்களுக்கு, டயர் கம்பெனியான பைரெல்லி சொன்ன எல்லையைத் தாண்டிக் கேம்பர் வெச்சிருந்தாங்க. குவாலிஃபையிங் முடிஞ்சு பார்த்தா முன் டயர்களோட உள் ஓரத்துல கொப்புளம். அந்த வருஷ விதிப்படி குவாலிஃபையிங்ல ஓட்டின டயர்லயே ரேஸை ஆரம்பிக்கணும். ஏன் ஸ்பாவுல? அந்த 7 கிலோமீட்டர் டிராக்குல முதல் திருப்பம் லா சோர்ஸ் முடிஞ்சதுல இருந்து லே கோம்ப் வரைக்கும் கிட்டத்தட்ட முழு ஆக்சிலரேட்டர்தான். அந்த நேரம் முழுக்க காத்தோட அழுத்தம் காரைக் கீழே தள்ளும், உள் ஓரம் மட்டும் அந்தச் சுமையைத் தாங்கும். ரெட் புல் ரெண்டு காரையும் ஆரம்ப லேப்கள்லயே பிட்டுக்குக் கூப்பிட்டு டயரை மாத்தினாங்க. வெட்டல் ஜெயிச்சாரு, வெப்பர் ரெண்டாவது. ரிசல்ட் நல்லா வந்துச்சு. ஆனா அவங்ககிட்ட பிட்ல மாத்து டயரோட ஆட்கள் காத்திருந்தாங்க. நமக்கு அப்படி யாரும் இல்ல.

உண்மையான திருடன்: டோ

உள் ஓரம் தேஞ்ச டயரைப் பார்த்ததும் எல்லாரும் கேம்பரைத் திட்டுவாங்க. பெரும்பாலும் கேம்பர் கூட்டாளிதான், திருடன் டோ.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு வீல் 0.2 டிகிரி டோ-அவுட்ல இருக்கு. கண்ணால கண்டுபிடிக்கவே முடியாது. சைன் 0.2 டிகிரி = 0.0035. அதாவது ஒரு கிலோமீட்டர் நேரா போனா, அந்த வீல் போக நினைக்கிற பாதை 3.5 மீட்டர் பக்கத்துல விலகும். காரு விடாது, இழுத்துட்டுப் போகும். 10,000 கிலோமீட்டருக்கு 35 கிலோமீட்டர் பக்கவாட்டு இழுவை. ரப்பர் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், அதனால இவ்வளவும் உரசலா மாறாது. ஆனா திசை அதுதான். அரை டிகிரின்னா கிலோமீட்டருக்கு 8.7 மீட்டர்.

இப்போ ரெண்டையும் சேருங்க. கேம்பர் எடையை உள் ஓரத்துக்குக் கொண்டுபோகுது. டோ அந்த ஓரத்தைத் தரையில தேய்க்குது. கேம்பர் மட்டும் மைனஸ் 2.5, டோ சுத்தமா பூஜ்யம்னா, ரோட்டுல ஓட்டினாலும் டயர் ஓரளவு நாள் வரும். அதே கேம்பரோட டோவும் விலகியிருந்தா உள் ஓரம் ரொம்பச் சீக்கிரம் முடிஞ்சிரும்.

டிராக்குல நிறைய பேர் மாட்டுறது இங்கதான். கேம்பரை மாத்தினா டோவும் மாறும். ஸ்ட்ரட்டோட மேல்பக்கத்தை உள்ளே தள்ளும்போது வீல் முழுசும் நகருது, ஆனா டை ராட் நீளம் அப்படியே இருக்கு. அதனால வீல் திரும்பியே ஆகணும். டை ராட் அச்சுக்கு முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னு பொறுத்து டோ-இன் பக்கமோ டோ-அவுட் பக்கமோ போகும். அதனால வரிசை இதுதான்: முதல்ல காஸ்டர், அப்புறம் கேம்பர், கடைசியா டோ. பிட்ல நின்னு கேம்பர் பிளேட்டை மட்டும் லூஸ் பண்ணி உள்ளே தள்ளிட்டு டோவைத் தொடாம ஓட்டினா, அன்னிக்கு லேப் டைம் குறையலாம். பில் அடுத்த மாசம் வரும்.

ரோட்டுலயும் ஓட்டி டிராக்குக்கும் போற காருக்குப் பொதுவா வைக்கிற தொடக்க செட்டிங்: முன்னாடி கேம்பர் மைனஸ் 2-ல இருந்து மைனஸ் 3 வரை, டோ பூஜ்யம். பின்னாடி கேம்பர் அதைவிட அரை, ஒரு டிகிரி குறைவு, டோ கொஞ்சம் இன். பின் வீல்ல மட்டும் டோ-அவுட் வேணாம். பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சிலரேட்டரை விடும்போதும் காரோட வால் ஆட ஆரம்பிக்கும். இது தொடக்கம் மட்டும்தான். இங்கிருந்து எந்தப் பக்கம் போகணும்னு உங்க டயர்தான் சொல்லும்.

காத்து: முதல்ல இதைச் சரி பண்ணுங்க

அலைன்மென்ட்டைத் தொடுறதுக்கு முன்னாடி காத்து. காத்து தப்பா இருந்தா டயர் சொல்ற மத்த எல்லாமே தப்பாத்தான் தெரியும்.

காலையில 30 டிகிரி செல்சியஸ்ல 30 பி.எஸ்.ஐ. அடிக்கிறீங்க. டிராக்குல நாலஞ்சு லேப் ஓட்டினதும் உள்ளே இருக்கிற காத்து 80 டிகிரி ஆகுது. கே-லூசாக் விதி, பிளஸ் ஒன் பாடம். கேஜ் அழுத்தத்தோட வளிமண்டல அழுத்தம் 14.7-ஐச் சேர்த்தா 44.7. வெப்பநிலையை கெல்வின்ல எழுதினா 303-ல இருந்து 353. 44.7 × 353 ÷ 303 = 52. திரும்ப 14.7-ஐக் கழிச்சா 37. ஏழு பி.எஸ்.ஐ. தானா ஏறிருச்சு. டயர் நடுவுல வீங்கும், ஓரம் தரையை விட்டுத் தூக்கும். அதனால டிராக்குல சூடான அழுத்தத்தைப் பார்த்து காத்தை இறக்குவாங்க. சரிதான்.

ஆனா சாயங்காலம்? சூட்டுல 32-க்கு இறக்கின டயர் ஆறி திரும்ப 30 டிகிரிக்கு வந்தா எவ்வளவு இருக்கும்? அதே கணக்கைத் திருப்பிப் போடுங்க: 46.7 × 303 ÷ 353 = 40. கழிச்சா 25 பி.எஸ்.ஐ. அந்த 25-ஓட ஹைவேயில நூறுல போனா டயர் சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் அதிகமா மடங்கும், சூடேறும், உள்ளிருந்தே பலவீனமாகும். இருங்காட்டுக்கோட்டை டிராக் சென்னை-பெங்களூரு ஹைவே மேலயே இருக்கு. கேட்டைத் தாண்டினா லாரிகளுக்கு நடுவுலதான். கிளம்புறதுக்கு முன்னாடி டயர் ஆறினதும் கம்பெனி சொன்ன அளவுக்குக் காத்து அடிங்க. பம்ப் இல்லாம டிராக் டேக்குப் போகாதீங்க.

டயரைப் படிக்கிறது எப்படி?

முதல் வழி, சூடு. செஷன் முடிஞ்சு பிட்டுக்கு வந்த உடனே, கூல்-டவுன் லேப் போடாம, ஊசி முனை தெர்மாமீட்டரை ரப்பருக்குள்ள லேசா குத்தி மூணு இடத்துல அளக்கணும்: உள், நடு, வெளி. துப்பாக்கி மாதிரி இருக்கிற இன்ஃப்ராரெட் மீட்டர் மேல்தோலை மட்டும்தான் பார்க்கும், அது சட்டுன்னு ஆறிடும். அளந்ததை இப்படிப் படிங்க:

• நடு மட்டும் சூடு: காத்து அதிகம்.
• ரெண்டு ஓரமும் சூடு, நடு குறைவு: காத்து கம்மி.
• வெளி ஓரம் உள்ளைவிடச் சூடு: கேம்பர் பத்தல, இல்லைன்னா நீங்க ஸ்டீயரிங்கை முறுக்குறீங்க.
• உள் ஓரம் வெளியைவிட 5-10 டிகிரி சூடு: நல்ல இடத்துல இருக்கீங்க. நேர்ப்பாதையில உள் ஓரம் கொஞ்சம் கூடுதலா வேலை செய்யும், அது இயல்பு.
• உள் ஓரம் 15 டிகிரிக்கு மேல சூடு: கேம்பர் அதிகம், அல்லது டோ விலகியிருக்கு.

இரண்டாவது வழி, கை. டயர் ஆறினதும் டிரெட் மேல உள்ளங்கையை வெச்சுக் குறுக்கே தடவுங்க. ஒரு பக்கமா தடவினா வழவழன்னும், எதிர்ப்பக்கமா தடவினா ரம்பப் பல் மாதிரியும் இருந்தா டோவைச் சந்தேகப்படுங்க. டிராக்ல இருந்து வந்த உடனே இதைப் பண்ணாதீங்க. திருப்பங்களே டிரெட்டை ஒரு பக்கமா சீவி விட்டிருக்கும். ரோட்டுல 200, 300 கிலோமீட்டர் ஓடின பிறகு தடவினாத்தான் அது டோவோட கையெழுத்து.

மூணாவது, கண். ஆனா குனியணும். புது டயர்ல டிரெட் ஆழம் சுமார் 7, 8 மி.மீ. இருக்கும். பள்ளத்துக்குள்ள 1.6 மி.மீ. உயரத்துல ஒரு சின்ன மேடு இருக்கும். டிரெட் அந்த மேட்டோட சமமாயிட்டா டயர் முடிஞ்சதுன்னு அர்த்தம், சட்டப்படியும். ஒரு இடத்துல மட்டும் பார்த்துட்டு "நாலு மி.மீ. இருக்கு"ன்னு சொல்றது போதாது. உள், நடு, வெளி மூணையும் அளந்து எழுதி வைங்க. மூணுல எது குறைவோ அதுதான் உங்க டயரோட வயசு.

கூடவே ஒரு டிப்ஸ்: முழு டிரெட் இருக்கிற புது ரோடு டயரை நேரா டிராக்குக்குக் கொண்டுபோகாதீங்க. உயரமான டிரெட் கட்டிகள் ஆடும், சூடாகும், துண்டு துண்டா பிய்யும். பாதி தேஞ்ச டயர் காய்ஞ்ச டிராக்குல நல்லா உழைக்கும். மழை வந்தா மட்டும் அது எதிரி.

நூலும் தூக்குக்குண்டும்

லேசர் மெஷின் இல்லாமலே அளக்கலாம். மாணவர் ஃபார்முலா கார் டீம்கள்ல இப்படி நூல் கட்டி அளக்கிறது சாதாரணம். கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேல நடக்கிற ஃபார்முலா பாரத் மாதிரிப் போட்டிகளுக்குப் போற டீம்ல யாராவது ஃபிரெண்டு இருந்தா கேட்டுப் பாருங்க.

டோவுக்கு: காரோட ரெண்டு பக்கமும், வீல் நடு உயரத்துல, ஒண்ணுக்கொண்ணு இணையா ரெண்டு நூல் கட்டுங்க. ரிம்மோட முன் விளிம்புல இருந்து நூலுக்கு எவ்வளவு, பின் விளிம்புல இருந்து எவ்வளவுன்னு ஸ்டீல் ஸ்கேல்ல அளங்க. 17 இன்ச் ரிம்முக்கு விளிம்பு விட்டம் ஏறக்குறைய 450 மி.மீ. ஒரு மி.மீ. வித்தியாசம்னா சுமார் 0.13 டிகிரி.

கேம்பருக்கு: கொத்தனார் சுவர் பார்க்கிற தூக்குக்குண்டு போதும். ரிம் பக்கத்துல தொங்க விட்டு, மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூல்ல இருந்து இருக்கிற தூரத்தை அளங்க. வித்தியாசம் 8 மி.மீ. இருந்தா ஏறக்குறைய 1 டிகிரி.

மூணு நிபந்தனை. தரை சமமா இருக்கணும். சந்தேகம் இருந்தா காரை அப்படியே திருப்பி நிறுத்தி இன்னொரு தடவை அளந்து சராசரி எடுங்க. டிரைவர் சீட்ல உங்க எடைக்கு ஒரு ஃபிரெண்டை உட்கார வைங்க. ஜாக்கில இருந்து இறக்கினதும் காரை முன்னும் பின்னும் உருட்டிட்டு அளங்க, இல்லைன்னா சஸ்பென்ஷன் இறுகி நின்னு பொய்க் கணக்கு காட்டும்.

மூணும் சேர்ந்தா

2013 ஜூன் 30, சில்வர்ஸ்டோன், பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீ. ரேஸ் நடுவுல ஹாமில்டன், மாசா, வெர்ன், பெரஸ் நாலு பேருக்கும் ஒரே மாதிரி இடது பின் டயர் கிழிஞ்சது. சில்வர்ஸ்டோனும் கடிகாரத் திசை டிராக், அதிகம் உழைக்கிறது இடப்பக்கம். அப்புறம் பைரெல்லி சொன்ன காரணங்கள்ல நாலு: வலது பின் டயரை இடப்பக்கம் மாத்தி மாட்டினது, காத்து ரொம்பக் கம்மி, கேம்பர் ரொம்ப அதிகம், திருப்பத்து ஓரத்துல இருக்கிற உயரமான கெர்ப். தனித்தனியா பார்த்தா ஒவ்வொண்ணும் டீம்கள் வேகத்துக்காகப் பண்ற வேலைதான். எல்லாம் ஒரே டயர்ல சேர்ந்தப்போ அது தாங்கல. அடுத்த ரேஸுக்கு டயரோட உள் பெல்ட்டை மாத்தினாங்க. பக்கம் மாத்தி மாட்டக் கூடாது, அழுத்தமும் கேம்பரும் இந்த எல்லைக்குள்ளதான்னு கட்டுப்பாடும் வந்துச்சு.

உலகத்துலயே பெரிய இன்ஜினியரிங் டீம்களுக்கே இதுதான் நிலைமை. நம்ம காருல இந்த மூணையும் ஒரே நாள்ல பண்றது ரொம்பச் சுலபம். கேம்பர் ஏத்துவோம், காத்து இறக்குவோம், ஒரு பக்கம் தேஞ்சிருச்சுன்னு டயரைப் பக்கம் மாத்துவோம். பக்கம் மாத்துறதே தப்புன்னு சொல்லல. டயர் சுவர்ல சுழற்சி அம்புக்குறி இருந்தா அப்படியே பக்கம் மாத்தக் கூடாது. "வெளிப்பக்கம்"னு எழுதியிருந்தா அந்தப் பக்கம் வெளியேதான் இருக்கணும். அதைப் படிச்சுட்டு மாத்துங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம்

டிராக் டே முடிஞ்சு எல்லாரும் ஃபோட்டோ எடுத்துட்டு இருக்கும்போது நீங்க இதைப் பண்ணுங்க:

1. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிங்க. முன் டயரோட உள் ஓரம் வெளியே தெரியும். மண்டி போட்டுப் பாருங்க, அப்புறம் மறுபக்கம்.
2. பின் டயருக்கு ஸ்டீயரிங் உதவாது. ஃபோனை டயருக்குப் பின்னாடி நீட்டி வீடியோ எடுங்க. காரைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு வீடியோ. அப்போதான் டயரோட முழுச் சுத்தும் தெரியும்.
3. கம்பியோ துணி மாதிரி இழையோ ஒரு இடத்துல தெரிஞ்சாலும் அந்த டயர்ல ரோட்டுக்குப் போகாதீங்க. ஸ்டெப்னி மாட்டுங்க, இல்லைன்னா வண்டியை ஏத்தி அனுப்புங்க. அந்தச் செலவு வலிக்கும், ஆனா அத்தோட முடிஞ்சிரும்.
4. டயர் ஆறினதும் காத்து அடிங்க.
5. மூணு இடத்து டிரெட் ஆழத்தையும் ஃபோன்ல எழுதி வைங்க. அடுத்த தடவை "எவ்ளோ கேம்பர் வைக்கணும்?"னு கேட்க வரும்போது அந்த நம்பர்களோட வாங்க. பதில் சொல்ல எங்களுக்கும் ஈஸியா இருக்கும்.

டிராக்குக்கே போகாதவங்களும் இன்னிக்கு ஹாஸ்டல் பார்க்கிங்ல நிக்கிற ஏதாவது ஒரு காரோட முன் டயரைக் குனிஞ்சு பாருங்க. ஓனர்கிட்ட கேட்டுட்டு டிரெட்டைத் தடவியும் பாருங்க. அந்தக் காருக்கு டோ சரியா இருக்கா இல்லையான்னு இப்போ உங்களாலயே சொல்ல முடியும்.